மாஹ்தேயின் கொம்புப்பிடிக் கத்தி

மதியம் மூன்று மணி. கும்மிருட்டு.

ஜனவரி மாதம். நவம்பர் கடைசியில் போன சூரியன் இன்னும் திரும்பி வரவில்லை. நார்வேயின் வடகோடியில் காராஷோக்கைத் தாண்டி எல்லைப் பக்கம் போகிற சாலை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனி. உறைநிலைக்குக் கீழே முப்பத்து நாலு. அந்தச் சாலையில் ஒரே ஒரு வேன்... ஓட்டியவன் யொவ்னா.

யொவ்னாவை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வெட்டுக்கூடத்தில் என்னோடு பதினோரு வருடம் ஒரே மேசையில் பனிமான் தோல் உரித்தவன். பொய் சொல்லமாட்டான். சொல்லவும் வராது, அதற்கு வேண்டிய மூளை அவனுக்கு இல்லை. இது அவன் தங்கை புருஷன் ஹெய்க்காவுக்கு நடந்தது.

"ஹெய்க்காவா? ஏரியில போனவன்தானே? எங்களுக்குத் தெரியாததா?" என்கிறான் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற ஆஸ்லாத்.

"போனது தெரியும். எப்படிப் போனான்னு தெரியுமா? வாயை மூடிட்டு அடுப்புல கட்டையைப் போடு."

கதவைச் சாத்துங்கள். இந்தக் காற்றில் இன்றிரவு மந்தை பட்டிக்கு வராது. நெருங்கி உட்காருங்கள்.

ஏரி வளைவில் வேன் வெளிச்சம் திரும்பியது. நடுச்சாலையில் ஒரு ஆள். யொவ்னா பிரேக்கை மிதித்தான். வேன் வழுக்கிக்கொண்டே போய் அவன் முழங்காலுக்கு முன்னால் நின்றது. அவன் நகரவில்லை.

ஹெய்க்கா.

இடது கையில் கையுறை இருந்தது. வலது கையில் இல்லை. வலது சட்டைக்கை முழங்கை வரைக்கும் நனைந்து, தகரம் மாதிரி விறைத்துப் போயிருந்தது. அந்தக் குளிரில் நனைவதற்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது? ஏரி ஒரு முழக் கனத்துக்கு உறைந்து கிடக்கிறது.

ஏறி உட்கார்ந்தான். வேனுக்குள் சேற்று வாடை... கோடையில் வலை இழுக்கும்போது ஏரியின் அடியிலிருந்து வருமே, அந்தக் கருஞ்சேற்று வாடை.

மேலே சொல்வதற்கு முன்னால் மாஹ்தேயைச் சொல்ல வேண்டும்.

மாஹ்தே, ஹெய்க்காவின் அண்ணன். அதற்கு நாலு வருடம் முன்பு, ஒரு நவம்பரில், இதே ஏரியில் பனிக்கட்டி உடைந்து செத்தவன். அவனிடம் ஒரு கத்தி இருந்தது. அவனே செய்தது. அலகு நல்ல இரும்பு. பிடி, அவனுக்குப் பதினாலு வருடம் சறுக்குவண்டி இழுத்த வெள்ளைக் கிடாவின் கொம்பு. கிடா கிழடாகிச் செத்த பிறகு கொம்பை அறுத்து, இரண்டு வருடம் நிழலில் காயப்போட்டு, நடுவில் இருக்கிற பஞ்சுபோன்ற சோற்றைத் துளைத்து, அலகின் வாலை இறக்கினான். பிடியில் தன் மான்களின் காதில் வெட்டுகிற அடையாளத்தை, தன் காதுக்குறியை, செதுக்கினான்.

இரும்புப் பிடி இந்தக் குளிரில் உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். மரப்பிடி ரத்தத்தில் வழுக்கும். கொம்பு வழுக்காது. பிடித்த கையின் சூட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கையை எடுத்தால் ஒரு சிகரெட் குடிக்கிற நேரத்தில் ஆறிவிடும்.

நவம்பர் ஏரியில் கால் வைக்கிறவனுக்குக் கத்திதான் உயிர். உடைந்து விழுந்தால், ஓரத்தில் கத்தியை ஓங்கிக் குத்தி, பிடியைப் பற்றி ஏற வேண்டும். வெறுங்கையால் ஏற முடியாது. நகம்தான் பெயரும்.

மாஹ்தேயை மூன்றாம் நாள் எடுத்தோம். இடுப்பில் வார் இருந்தது. வாரில் உறை இருந்தது. கத்தி இல்லை. தண்ணீரில் நழுவியிருக்கும் என்றார்கள். ஹெய்க்கா, தான் மந்தையோடு அக்கரையில் இருந்ததாகச் சொன்னான். நம்பினோம்.

மாஹ்தேயின் மனைவி ரிஸ்தன் அழவில்லை. வாரையும் உறையையும் வாங்கிக்கொண்டு போய், வீட்டுக்குப் பின்னால் ஒற்றைத் தூண்மேல் நிற்கிற சாமான் கொட்டகையில் மாட்டிப் பூட்டினாள். சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு ஹெய்க்கா அந்த வீட்டு வாசலை மிதிக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"அவரு கத்தி கிடைச்சுதா?"

"இல்ல அண்ணி."

"ம்."

நாலு வருடமும் இதுதான் பேச்சு. அண்ணன் மான்களெல்லாம் தம்பி மந்தையோடு போய்விட்டன. அவள் கேட்கவில்லை. அடுத்த கோடையில் பிறந்த கன்றுகளின் காதில் ஹெய்க்கா தன் குறியை வெட்டினான். அதையும் அவள் கேட்கவில்லை. கத்தியை மட்டும் கேட்டாள்.

எனக்கு எழுத்து நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. காதுக்குறி ஐந்து வயதிலேயே வந்துவிட்டது. நமக்கெல்லாம் அப்படித்தான். எதை வேண்டுமானாலும் மறைக்கலாம், ஒருவன் குறியை மறைக்க முடியாது.

இப்போது, ஹெய்க்கா வேனில் ஏறியதற்கு முந்தின டிசம்பருக்கு வாருங்கள். யொவ்னா ஏதோ ஸ்பேனர் கேட்டு ஹெய்க்காவின் பட்டறைக்குப் போயிருக்கிறான். உள்ளே அரம் போடுகிற சத்தம். சர்ர்... சர்ர்... கொம்பை அராவினால் வருகிற பல் கருகுகிற வாடை. ஹெய்க்கா ஒரு அலகுக்குப் புதுப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். கீழே இரண்டு பழைய பிடிகள் பிளந்து கிடந்தன.

"என்ன மாப்ள, மூணாவதா? பொண்ணுக்குக்கூட இவ்ளோ மாப்ள மாத்த மாட்டாங்களேடா!"

ஹெய்க்கா சிரிக்கவில்லை. ஆல்டர் மரப்பட்டையை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான். அந்தச் சிவப்பு எச்சிலைத் துப்பி, பிடியில் தான் செதுக்கியிருந்த குறிமேல் தேய்த்தான். செதுக்கின கோட்டில் சிவப்பு ஏறும், துடைத்தால் மற்ற இடம் வெள்ளையாகிவிடும். எல்லோரும் செய்கிறதுதானே.

துடைத்தான்.

அவன் செதுக்கின குறி வெள்ளையாகவே இருந்தது. பக்கத்தில், உளியே படாத வழவழப்பான இடத்தில், நாலு கோடுகள் சிவப்பாக எழுந்து வந்தன. பக்கத்துப் பக்கத்தில். ஆரம்பத்தில் ஆழமாக, போகப்போக மெலிந்து.

"கொம்புல கீறல் இருந்திருக்கும்," என்றான் யொவ்னா. "எந்த மான் கொம்பு?"

"என்னோடதுதான்."

"உன்னோடதுன்னா?"

காதை மாற்றி வெட்டலாம். கொம்பு காதைப் பார்த்தா வளர்கிறது? அவன் எடுத்தது அண்ணன் மானுடைய கொம்பு.

ஹெய்க்கா அரத்தை எடுத்து அந்தக் கோடுகளை அராவினான். சர்ர்... சர்ர்... சர்ர்... நிறுத்தினான். அரத்தை மேசைமேல் வைத்தான்.

சர்ர்...

ஒரே ஒரு தடவை. மேசைக்கு அடியிலிருந்து வந்த மாதிரி இருந்தது என்றான் யொவ்னா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஸ்பேனரை வாங்காமலேயே யொவ்னா வீட்டுக்கு வந்துவிட்டான்.

இப்போது வேனுக்கு வாருங்கள்.

ஹீட்டர் காற்றில் ஹெய்க்காவின் சட்டைக்கை இளகிச் சொட்டியது. டொக்... டொக்... ரப்பர் விரிப்பில். பிறகு வாயைத் திறந்தான்.

"மச்சான், நான் அக்கரையில இல்ல."

"எப்போ?"

"அண்ணன் விழுந்தப்போ. இந்தக் கரையிலதான் இருந்தேன். பத்தடி."

யொவ்னா வேனை நிறுத்தவில்லை. நிறுத்தினால் இவன் முகத்தைப் பார்க்க வேண்டிவரும்.

அன்று காலையில் ஒரு முடமான மானைக் கொல்ல வேண்டியிருந்தது. ஹெய்க்காவின் கத்தி மழுங்கல். அண்ணனிடம் வாங்கிக் கொன்றான். பனியில் துடைத்தான். திருப்பிக் கொடுக்கவில்லை, தன் உறையில் செருகிக்கொண்டான். மாஹ்தே கவனிக்கவில்லை. நல்ல கத்தி, கையில் கச்சிதமாக உட்கார்ந்தது, சாயங்காலம் கொடுத்தால் போகிறது என்று நினைத்தானாம். அவ்வளவுதான்.

மதியம் பனிக்கட்டி உடைந்தது.

"ரெண்டு கையையும் மேல போட்டுட்டான் மச்சான். வலது கை இடுப்புக்குப் போச்சு. உறை காலி. தேடலை. நேரா என்னைப் பாத்தான்... கத்தலை. கையை மட்டும் நீட்டினான்."

"நீ?"

"கத்தியைச் சறுக்கி விட்டிருந்தா போதும். கையில போய் நின்னிருக்கும்."

"அப்புறம் ஏன்டா விடல?"

டொக்... டொக்...

"அக்கரையில ரெண்டு பேர் மந்தையும் ஒண்ணா நின்னுச்சு, மச்சான்."

மிச்சத்தை ஹெய்க்காவே சொன்னான். அன்று கொஞ்ச நேரம் பனிக்கட்டியை நகத்தால் கீறுகிற சத்தம் வந்ததாம். பிறகு அதுவும் இல்லையாம். ஹெய்க்கா வீட்டுக்கு வந்து, குறி இருந்த பழைய பிடியை அறுத்து அடுப்பில் போட்டான். மயிர் கருகின நாற்றம் மூன்று நாள் போகவில்லை. அவன் நாய் அதற்குப் பிறகு வீட்டுக்குள் வரவே இல்லை.

"அலகையும் ஏரியில போட்டிருக்கலாமே?" ஆஸ்லாத் கேட்கிறான்.

அதையேதான் யொவ்னாவும் கேட்டான். ஹெய்க்கா என்ன சொன்னான் தெரியுமா?

"நல்ல இரும்பு மச்சான்... மனசு வரலை."

பாருங்கள். அண்ணனைக் கைவிட மனசு வந்தது, இரும்பைக் கைவிட வரவில்லை.

இன்று கை எப்படி நனைந்தது என்று யொவ்னா கேட்டதற்கு, வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னானாம். "அந்த அலகுக்குப் போட்ட பிடியிலேர்ந்து வருது. பிடிச்சா தண்ணி வருது. நிக்க மாட்டேங்குது."

யொவ்னா அவனை அவன் வீட்டு வாசலில் இறக்கினான்.

"இன்னிக்கே போய் ரிஸ்தன்கிட்ட சொல்லு. கத்தியை அவ கையில குடு. நான் வேணா கூட வரேன்."

"நாளைக்குப் போறேன்."

"இன்னிக்குடா."

"நாளைக்கு மச்சான். சத்தியமா."

மறுநாள் காலையில் ஹெய்க்காவின் பனி ஸ்கூட்டர் கிளம்பின சத்தத்தை அவன் மனைவி கேட்டிருக்கிறாள். சாயங்காலம் வரைக்கும் ஆள் வரவில்லை. யொவ்னாவும் இன்னும் இரண்டு பேரும் விளக்கோடு தடத்தைப் பிடித்துப் போனார்கள். ரிஸ்தன் வீடு வடக்கே. தடம் தெற்கே போயிருந்தது... எல்லைப் பக்கம். மந்தை நிற்கிற பக்கம்.

அவன் சொல்லப் போகவே இல்லை.

ஏரி நடுவில் தடம் முடிந்தது. ஒரு ஸ்கூட்டர் அகலத்துக்கு ஓட்டை. சுற்றிலும் பனிக்கட்டி உறுதியாக இருந்தது. யொவ்னா துளையிட்டுப் பார்த்தான், விரல் நுனியிலிருந்து முழங்கை வரை கனம். அதில் லாரி போகலாம். ஓட்டையின் ஓரமெல்லாம் கீறல்கள். நாலு நாலாக. ஆரம்பத்தில் ஆழமாக, போகப்போக மெலிந்து.

ஹெய்க்காவைக் கொக்கி போட்டு எடுத்தார்கள். விரல்களில் நகம் இல்லை. இடுப்பில் வார் இருந்தது. வாரில் உறை இருந்தது.

உறை காலி.

பட்டறையில் தேடினார்கள். வீட்டில், ஸ்கூட்டர் பெட்டியில், ஓட்டைக்குள் காந்தம் விட்டுக்கூடத் தேடினார்கள். கத்தி இல்லை.

ரிஸ்தனிடம் சொல்ல யொவ்னாதான் போனான். அவள் காப்பி வைத்தாள். கோப்பையில் காய்ந்த இறைச்சித் துண்டுகளைப் போட்டு, மேலே காப்பியை ஊற்றி, அவன் முன்னால் வைத்தாள். ஹெய்க்கா செத்ததைக் கேட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"கத்தி கிடைச்சுதா?"

யொவ்னாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வேனில் கேட்டது எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பத்தடி, நீட்டின கை, அடுப்பில் எரிந்த பிடி, எல்லாம். அவன் முடித்ததும் அவள் கேட்டாள்.

"கையை நீட்டினாராமா?"

"ஆமா."

"கேட்டிருக்க மாட்டாரு. எதையும் வாய் விட்டுக் கேக்குற ஆளில்ல. நான்தான் நாலு வருஷமா கேட்டேன்."

எழுந்தாள். கழுத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். யொவ்னா ஜன்னல் வழியாகப் பார்த்தான். முந்தின நாள் விழுந்த பனி கொட்டகையைச் சுற்றி அப்படியே இருந்தது. ஒரு காலடி இல்லை. அவள் காலடிதான் முதல். பூட்டு உறைந்திருந்தது. வாயால் ஊதி ஊதித் திறந்தாள்.

திரும்பி வந்து வாரை மேசைமேல் வைத்தாள். வைக்கும்போது டொக்கென்று சத்தம் வந்தது. காலி உறை அப்படிச் சத்தம் போடாது.

உறையில் கத்தி இருந்தது.

வெள்ளைக் கொம்புப் பிடி. கொஞ்சம் மஞ்சள் பாய்ந்தது. பிடியில் மாஹ்தேயின் காதுக்குறி, கோடெல்லாம் சிவப்பு ஏறி. எரிந்துபோனது என்று ஹெய்க்கா சொன்ன அதே பிடி.

"எடு," என்றாள் ரிஸ்தன். "எடுத்துப் பாரு."

யொவ்னா எடுத்தான்.

நாலு வருடம் பூட்டிக் கிடந்த கொட்டகை. வெளியே முப்பத்தாறு டிகிரி உறைகுளிர். அவள் வாரின் கொக்கியைப் பிடித்துத்தான் தூக்கி வந்தாள், பிடியைத் தொடவில்லை, அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

பிடி சூடாக இருந்தது. அப்போதுதான் யாரோ கையை எடுத்த மாதிரி.

யொவ்னா அதை மேசையில் போட்டுவிட்டான். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியவில்லை. காப்பி ஆறி, இறைச்சிக் கொழுப்பு உறைந்து வெள்ளையாக மேலே நின்றது. யொவ்னா ஒரு விரலை மட்டும் நீட்டிப் பிடியைத் தொட்டுப் பார்த்தான்.

ஆறவே இல்லை.