மலைநடையை எண்ணிய திட்டம்

பெருமைமிகு தலைவர் அவர்களே! மருந்துப் பெட்டியும் மாறாத சிரிப்புமாய் ஊர் ஊராய் நடக்கும் செவிலியர் தங்கையரே! வத்தல்மலையிலிருந்து வெயில் பாராமல் இறங்கி வந்திருக்கும் பெரியோர்களே! என்னைப் பெறாத தாய்மார்களே! அதியமான்கோட்டைச் சென்னப்பனின் அன்பான வணக்கம்!

மலையடிவாரத்தில் இன்று திறக்கும் இந்தப் பிரசவ விடுதி, எட்டாண்டுத் திட்டத்தின் கடைசிக் கட்டம். இதை எதிர்த்தவன் யார்? நான்! "சனம் நிறைந்த இடத்தில் கட்டுங்கள், சாலையோரம் கட்டுங்கள், எங்கள் ஊரில் கட்டுங்கள்!" என்று அறுபத்தாறாம் ஆண்டு ஒன்றியக் கூட்டத்தில் உறுப்பினராய் மேசையைத் தட்டியவன் நான்!

அன்று செவிலியர் ரோசம்மாள் எழுந்தார். "தலைய எண்ணாதீங்க, நடைய எண்ணுங்க. ஒரு நாள் என்னோட மலைக்கு வாங்க" என்றார்.

போனேன். சிரிக்காதீர்கள், பாதி வழியில் என்னைக் கைத்தாங்கலாகத்தான் ஏற்றினார்கள்! மேலே மாதம்மாள் என்ற தாயைப் பார்த்தேன். முந்தின ஆண்டு, பிரசவ வலியெடுத்த மூத்த மகளைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு மலையிறங்கியவர். "பாதி வழியிலயே அடங்கிப்போச்சுங்க. ஆசுபத்திரி எப்படி இருக்கும்னுகூட எம் பொண்ணு பார்க்கலீங்க" என்றார்.

எங்கள் ஊர்ப் பெருமையை அந்தத் தாயின் காலடியிலேயே இறக்கி வைத்தேன்.

இறங்கி வந்தேன். திட்டத்துக்குக் கை தூக்கினேன். முதலில் அடிவாரத்துக்கு ஒரு செவிலியர், பிறகு ஜீப் ஏறும் பாதை, அதன் பிறகு கட்டடம் என்று எழுதினோம். மழை இருமுறை பாதையை அடித்துப்போனது. காகிதத் திட்டம் என்று கேலி செய்தார்கள். இருமுறையும் மலைமக்களே மண்வெட்டியோடு வந்தார்கள்!

போன மாதம் மாதம்மாளின் இளைய மகள் தீர்த்தம்மாளுக்கு வலி கண்டது. பிள்ளைக்குக் கால் முன்னே! ஜீப் ஏறியது, இறங்கியது. சுண்ணாம்பு அடிக்காத இந்தக் கட்டடத்தைத் திறந்து ரோசம்மாள் உள்ளே அழைத்துப்போனார். வெளியே நானும் மாதம்மாளும் நின்றோம்.

ரோசம்மாள் கதவைத் திறந்தார். "ரெண்டு உசுரும் நல்லா இருக்குதுங்க!"

மாதம்மாள் மணல்மேட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். எனக்கோ எட்டாண்டாய் அடைத்திருந்த மூச்சு அன்றுதான் வெளியே வந்தது!

தீர்த்தம்மாள் எங்கே என்கிறீர்களா? அதோ, முன்வரிசையில்! கை தட்டுங்கள், மெதுவாய்த் தட்டுங்கள், பிள்ளை தூங்குகிறது!

அடுத்த பத்தாண்டுக்கும் இப்படியே எழுதுவோம். எந்த ஊருக்கு நடை அதிகமோ, அந்த ஊரே முதலில்! பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. ரிப்பன் வெட்ட என்னை அழைத்தீர்கள். அந்தக் கத்தரிக்கோல் ரோசம்மாள் கைக்குப் போகட்டும்! வணக்கம்!