ஏழாம் நம்பர் காட்டு வேர்

செத்த தேயிலையின் வேரை மோந்து பார்த்துப் பயனில்லை, ஐயா. கழுவிவிட்டுப் பட்டையைச் சுரண்ட வேண்டும். மண்ணும் சரளையும் வேரோடு அப்பியிருந்தால் ஒரு நோய். சிவப்பு இழை ஓடினால் இன்னொன்று. பட்டைக்கடியில் வெள்ளை விசிறி விரிந்திருந்தால், வெட்டிய நிழல்மரத்தின் அடிக்கட்டையிலிருந்து பரவிய பூஞ்சணம். போடிமெட்டுக்கு மேலே இந்த எஸ்டேட்டில் பதினோரு வருடமாக அதைப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. ஐசக் என்றால் இங்கே யாருக்கும் தெரியாது. வேர்ச்சோசியர் என்றால் தெரியும். அந்தப் பெயரை வைத்தவன் மொக்கையன்.

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்து இன்று ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் நீங்கள் சுரண்டிப் பார்த்தது வெள்ளை விசிறிதான். 1954இலேயே நான் அதைப் பார்த்துவிட்டேன்.

அங்கே ஓர் அடிக்கட்டை இருக்கிறது. அதன் பக்கத்தில் என் மகள் ஜெயபாக்கியம் கிடக்கிறாள். ஆறு வயது. இருட்டில் தனியாகப் படுக்கமாட்டாள். ஐப்பசி மழையில் ரோடு சரிந்து கிடந்ததால் போடிக் கல்லறைக்குக் கொண்டுபோக வழியில்லை. புதைத்த பிறகு, பக்கத்தில் நின்ற நிழல்மரத்தின் கிளை முறிந்து அவள்மேல் விழுமோ என்று பயமாக இருந்தது. பட்டையை வளையமாக உரித்து, மரத்தை ஒரு வருடம் நின்றபடியே காயவிட்டு, அப்புறம் வெட்டுவதுதான் முறை. எனக்குப் பொறுமையில்லை. பச்சையாகவே வெட்டிவிட்டேன். நோய் அதிலிருந்துதான் வந்தது.

பூஞ்சணம் என்று எழுதினால் கட்டையைத் தோண்டி, சுற்றிலும் மூன்றடிப் பள்ளம் போட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கி எரிப்பார்கள். பெற்றவன் அப்படி எழுத முடியுமா?

ஆகவே நோயில்லாத நல்ல தேயிலைத் தூர் ஒன்றில் நாலு நாள் கொதிநீர் ஊற்றினேன். அது காய்ந்ததும், நோய் கண்ட வேருக்குப் பதிலாக அதன் வேரில் ஏழாம் நம்பர் என்று சீட்டுக் கட்டி உங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினேன். பூஞ்சணம் இல்லை, வெந்து செத்த வேர் என்று பதில் வந்தது. அந்தக் காட்டுக்கு வெந்நீர் கொண்டு வருவது யார் என்று எஸ்டேட் துரை கேட்டார். உள்ளதைத்தான் சொன்னேன். கொழுந்து எடுப்பவர்களுக்குத் தேத்தண்ணீர் போடும் அண்டா மொக்கையனுடையது. நான் மொண்டதும் அதிலிருந்துதான்.

அன்றைக்கே அவனைக் குடும்பத்தோடு வெளியேற்றி, லயத்து வீட்டைப் பூட்டினார்கள்.

"என்ன சோசியரே, நான் ஊத்தலைன்னு அந்த வேரு ஒங்ககிட்டச் சொல்லலையாக்கும்?" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "புள்ளைக்குக் காச்சலுண்ணே. மழ விடட்டும், வெரசா எறங்கிப் போயிர்றோம்."

"தொரை உத்தரவு, அப்பு. நான் என்ன செய்ய?" என்றேன்.

மலை ரோட்டின் மூன்றாவது வளைவிலேயே பிள்ளைக்கு மூச்சு அடங்கிவிட்டது. மூக்கம்மாள், நாலு வயது. கீழே போவதைவிட மேலே வருவது கிட்டம் என்று தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான். எஸ்டேட் மண்ணில் இடமில்லை என்றார் துரை. நான்தான் கெஞ்சி இடம் வாங்கினேன், ஜெயபாக்கியத்துக்குப் பக்கத்தில். குழியையும் நானே வெட்டினேன்.

"ஒங்களச் சாமியா நெனச்சிக் கும்புடுவேண்ணே" என்று மொக்கையன் என் காலைப் பிடித்துக்கொண்டான். அவன் கை மழையில் விறைத்திருந்தது.

இவ்வளவையும் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். நாளை பள்ளம் வெட்டும்போது இரண்டு புதைமேட்டையும் பிரிக்காமல் ஒன்றாகவே எடுக்கச் சொல்லுங்கள். மூக்கம்மாளைப் புதைத்த நாளிலிருந்து என் மகள் தனியாகப் படுக்கவில்லை. அந்தப் பிள்ளையும் தனியாகப் படுக்கவில்லை. மொக்கையனுக்கு அந்த ஒரு நல்லதையாவது நான் செய்திருக்கிறேன், ஐயா.