வெறும் வயிற்றில் ஒரு முயல்

முயல் நாள் முழுவதும் எதையாவது மென்றுகொண்டே இருக்க வேண்டும், ஃபாதர். நிறையப் பேருக்கு இது தெரியாது. நாய்க்கு வைப்பதுபோல இரண்டு வேளை வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள்.

நோறா ஏன் நற்கருணை எடுக்க வருவதில்லை என்று போன ஞாயிறும் கேட்டீர்கள். அவள் உங்களிடம் சொல்லமாட்டாள். அதனால்தான் நான் வந்தேன்.

பெப்பியை உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் புது வீட்டை மந்திரிக்க வந்தபோது உங்கள் அங்கியின் ஓரத்தைக் கடித்ததே, அந்தக் கறுப்பு வெள்ளை முயல். எங்கள் மகள் அன்ட்றியாவுக்கு ஒரு நத்தார்ப் பண்டிகைக்குப் பரிசாக நான் கொடுத்தது. கூடும் என் கைவேலைதான். தச்சுப் பட்டறையில் தேக்குப் பலகை மிச்சம் கிடந்தது. மூலைகளை ஆணியில்லாமல் பொருத்தினேன். அப்படியொரு கூடு அதற்குப் பிறகு என்னால் செய்ய முடியவில்லை.

அடுத்த நத்தாருக்கு மறுநாள் கடல் வந்தது. டச்பார் கரையில் எங்கள் பழைய வீடு போனது. அன்ட்றியா போனாள். நோறா டவுனில் பூசைக்குப் போயிருந்தாள்; பிள்ளைக்கு இருமல் என்று என்னிடம் விட்டுப்போயிருந்தாள். பின்னேரம் அவள் வந்து பார்த்தபோது நான் மதில்மேல் கூட்டை அணைத்தபடி இருந்தேன். உள்ளே பெப்பி உயிரோடு இருந்தது.

பிள்ளையின் உடல் கிடைக்கவில்லை. அதனால் நோறா நம்பிக்கையை விடவில்லை. இந்த வருடம் சண்டை முடிந்து, வவுனியா முகாம்களில் பெற்றோரில்லாப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கதை வந்ததும் அந்த நம்பிக்கை இரண்டு மடங்கானது. காலையில் பெப்பிக்குப் புல் வைக்கும்போதெல்லாம் கேட்பாள்.

"அவள் கூட்டை உங்கட கையில தரக்குள்ள என்ன சொன்னவள், வோல்ட்டர்?"

"பெப்பியப் பார்த்துக்கொள்ளுங்க டடா எண்டாள்."

"பிறகு?"

"பிறகு அல வந்திட்டு."

முயல் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அவள் ஒருநாளும் இதைக் கேட்டதில்லை. அதை நான் கவனித்திருந்தேன்.

ஆடி மாதம் பெப்பியின் வயிற்றில் இரண்டு கட்டிகளை நோறா கண்டாள். நான்தான் அதை ஏறாவூருக்குக் கொண்டுபோனேன். அங்கே ஹிதாயா என்று ஒரு மிருக வைத்தியர், சின்னப் பெண், கெட்டிக்காரி.

"அங்கிள், முயலக் கொண்டு வரச் சொன்னா ஆட்டுக் கிடாயக் கொண்டு வந்திரிக்கீங்க," என்று சிரித்தாள். "அன்டி இதுக்கு என்னத்தத் தீத்துறாங்க, நத்தார் கேக்கா?"

கட்டிகளை விரலால் உருட்டிப் பார்த்தாள். "வெறும் கொழுப்புக் கட்டி. கெட்டதில்ல. அதுபாட்டுக்குக் கிடக்கட்டும். இந்த வயசில மயக்க மருந்துதான் எனக்குப் பயம்."

வீட்டுக்கு வந்து நோறாவிடம், "டொக்டர் பயப்படுறா," என்றேன். அதில் பொய் இல்லை.

"வெட்டாட்டி?"

"என்ன நடக்குமெண்டு யாருக்குத் தெரியும்? நீங்கதான் முடிவெடுக்க வேணும், நோறா. பிள்ளையிட முயல்."

அவள் அந்தோனியார் படத்துக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்து, "வெட்டுவம்," என்றாள். முடிவு அவளுடையது. நான் வற்புறுத்தவில்லை.

ஹிதாயா லேசில் சம்மதிக்கவில்லை. கட்டி காலில் உரசுகிறது, மனைவி அழுகிறாள் என்று இன்னொருதரம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் ஒப்புக்கொண்டாள்.

"ஒண்டு மட்டும் மறந்திராதீங்க அங்கிள். மனிசரப்போல பட்டினி போட்றாதீங்க. இஞ்ச கொண்டு வாற வரைக்கும் புல்லுக் குடுங்க. முயலுக்குக் குடல் நிண்டா முடிஞ்சிது."

"ஓம் மகள்," என்றேன்.

வெட்டுக்கு முதல்நாள் மதியம் நோறா புல்லும் கையுமாக வந்து, "இதக் குடுக்கலாமா?" என்று கேட்டாள். "ஆப்பரேஷனெண்டா வெறும் வயிறுதானே," என்றேன். அன்ட்றியா பிறந்தபோது நோறாவின் வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள், ஃபாதர். அன்றைக்கு நோறாவைப் பட்டினி போட்டிருந்தார்கள். அவளுக்காக அவளுடைய அம்மாவும் சாப்பிடாமல் இருந்தாள். எங்கள் ஆட்களிடம் அந்தப் பழக்கம் உண்டு. இப்போது பெப்பிக்காக நோறாவும் அப்படியே செய்தாள். பெப்பி கூட்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டே இருந்தது. அவள் விரலை உள்ளே விட்டு, "நானும்தான் ஒண்டும் தின்னல்ல. கோவிக்காத, ராசா," என்று அதனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

நான் தேநீர் குடித்தேன்.

வெட்டு நல்லபடியாக முடிந்தது. ஹிதாயா கட்டிகளைப் போத்தலில் போட்டுக் காட்டினாள். வீட்டுக்கு வந்த பெப்பி ஒரு மூலையில் குந்தியது. எதையும் வாயில் வைக்கவில்லை. மறுநாள் வயிறு பறைபோல இறுகிவிட்டது. ஹிதாயா வீட்டுக்கே ஓடிவந்தாள்.

"அன்டி, வெட்டுறதுக்கு முதல் நல்லாத் திண்டதுதானே?"

"இல்ல மகள். முதல்நாள் மத்தியானத்திலிருந்து ஒண்டுமே குடுக்கல்ல. நானும் சாப்பிடல்ல."

ஹிதாயா என்னைப் பார்த்தாள். "அங்கிள்கிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

அந்த இடத்தில் ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. "நான் நோறாக்குச் சொன்னன்," என்றேன். "அவ மறந்திருப்பா."

கடல் வந்ததிலிருந்து நோறாவுக்கு ஞாபகம் குறைவு. அடுப்பில் பால் வைத்துவிட்டு மறந்துபோவாள். கதவுத் திறப்பை எங்கே வைத்தாள் என்று தேடிக்கொண்டிருப்பாள். அதனால் அவள் என்னோடு வாதாடவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "ஓம்," என்றாள். "எனக்குத்தான் ஒண்டும் மனசில நிக்கிறல்ல." அவள் மடியிலேயே பெப்பி செத்தது.

இதுதான் விஷயம். பிள்ளையின் முயலைத் தன் கையால் கொன்றதாக அவள் நினைக்கிறாள். அதனால்தான் நற்கருணைக்கு எழும்புவதில்லை.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். ஒரு மனிதன் ஒரே கேள்விக்கு எத்தனை காலம் பதில் சொல்வான், ஃபாதர்? அதுவும் அன்ட்றியா அப்படிச் சொல்லவே இல்லை என்றால்.

அன்றைக்கு அவள் கூட்டைப் பிடித்துக்கொண்டுதான் மிதந்து வந்தாள். நான் மதிலில் ஏறியிருந்தேன். ஒரு கையால் மதில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினேன். அவள் கூட்டைத் தள்ளித் தந்தாள். வாங்கினேன். பிறகு வெறுங்கையை நீட்டி, "இப்ப நான், டடா," என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். மதில் ஒடுக்கம், கூட்டை வைக்க இடமில்லை. தண்ணீர் அவளை இழுத்துக்கொண்டு போகும்வரை நான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தேக்குக் கூடு, ஃபாதர். விட்டிருந்தால் மிதந்திருக்கும். எனக்குத் தெரியாத மரமா?

இப்போது நோறா ஒன்றும் கேட்பதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. ஆனால் அவள் இப்படி வாடுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் ஒருதரம் வந்து, முயல் விஷயத்தில் ஆண்டவர் அவளை மன்னித்துவிட்டார் என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவாள். மறதியில் செய்த பிழைதானே, பாவம்.