லிஃப்ட்டில் ஏறாத மனிதர்

படியேறுவது உடம்புக்கு நல்லது. எந்த டாக்டரும் இதை மறுக்க மாட்டார். எங்கள் கட்டடத்தில் ஆறு மாடி, நாற்பத்தெட்டு வீடு. லிஃப்ட் நாலு வருஷமாகப் பழுதாகிக் கிடந்தது, அதனால் ஒருவரும் செத்துப்போகவில்லை. நான் அங்கே எலக்ட்ரீஷியன். ஃபியூஸ் போனாலும் மோட்டார் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, எனக்கு அவசரமில்லை.

தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது குவாரி முதலாளி அந்த லிஃப்ட்டைத் தன் செலவில் சரிசெய்து கொடுத்தார். அவர்தான் வேட்பாளர். உள்ளே கண்ணாடிக்குப் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு அவர் படம். மற்ற தெருக்களில் வீட்டுக்கு ஒரு பணக் கவர் போயிற்று. எங்களுக்கு மட்டும் லிஃப்ட்.

ஏனென்றால் எங்களிடம் கவர் செல்லாது. அதற்குக் காரணம் ஐந்தாம் மாடிக் கண்டக்டர் அண்ணன். பஸ்ஸில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்து ரிட்டயர் ஆனவர். "இந்த வீட்டு ஓட்டு விற்பனைக்கு இல்லை" என்று அச்சடித்த தாளை வீடு வீடாகப் போய் ஒட்டினார். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே அலைந்தவன் நான். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அண்ணன் அதைப் பார்த்து, "உனக்கும் கவர் குடுத்துட்டாங்களா?" என்றார். வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். தாளை ஒட்டிவிட்டுத்தான் வந்தோம்.

லிஃப்ட் ஓட ஆரம்பித்த அன்றே மொட்டை மாடியில் கூட்டம் போட்டார். "இதுல கால் வச்சா ஓட்டை வித்த மாதிரிதான். ஓட்டு எண்ணி முடியற வரைக்கும் எல்லாரும் படி. நானும் படி."

நாலாம் மாடியில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள். அவளும் படியேறினாள். அவள் மூச்சு வாங்க நிற்பதைப் பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போய், வாங்கிய கவரைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஏழு தெருவில் இது நடந்தது. இதை நீங்கள் சின்ன விஷயம் என்று நினைத்தால் நாம் மேற்கொண்டு பேசிப் பிரயோஜனமில்லை.

ஓட்டுக்கு இரண்டு நாள் முன்பு, பிற்பகல். கட்டடமே பக்கத்துத் தெருக் கூட்டத்துக்குப் போயிருந்தது, அண்ணி உட்பட. அண்ணி என்றால் கண்டக்டர் சம்சாரம். நான் கீழே மீட்டர் அறையில் வயர் மாற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் குவாரி ஆட்கள் இரண்டு பேர் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். எங்களில் யாராவது லிஃப்ட்டிலிருந்து இறங்கினால் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பலாமே. அப்போது லிஃப்ட் ஓடும் சத்தம் கேட்டது. யாரென்று தெரியாமலேதான் மெயினை இறக்கினேன்.

படியேறிப் போய்ப் பார்த்தேன். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே நின்றிருந்தது. உள்ளே அண்ணன் குரல்.

"தம்பி, நீயா? நெஞ்சை ஒரு மாதிரி பிடிக்குதுடா. ஆஸ்பத்திரிக்குப் போகணும். கரண்ட்டைப் போடு."

"வாசல்ல குவாரி ஆளுங்க போனோட நிக்கிறாங்கண்ணே. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"அட, எடுத்தா எடுத்துட்டுப் போறானுங்க. நீ போடுடா."

அந்த வார்த்தைதான் ஐயா. எடுத்தா எடுத்துட்டுப் போறானுங்களாம். வயிற்றுப் பிள்ளைக்காரியைப் படியேற வைத்துவிட்டு, என்னைத் தெருத்தெருவாகப் பசை வாளி தூக்க வைத்துவிட்டு, தனக்கு ஒன்று என்றதும் எடுத்தா எடுத்துட்டுப் போறானுங்களாம். நான் மீட்டர் அறைக்கு இறங்கி வந்தேன்.

பத்து நிமிஷத்தில் குவாரி ஆட்கள் அலுத்துப்போய்க் கிளம்பிவிட்டார்கள். அந்தப் பத்து நிமிஷம் யாருக்கும் புரியும். அதற்குப் பிறகு போன அரை மணி நேரத்தைத்தான் நான் உங்களுக்கு விளக்க வேண்டும்.

லிஃப்ட்டுக்குள் போன் எடுக்காது. அதுவரை பொறுத்திருந்தவர் தகரத்தைத் தட்ட ஆரம்பித்தார். பஸ் முழுக்கக் கேட்கும்படி அதட்டிப் பழகிய குரல், கீழ்வரை கேட்டது. முதலில் என்னைத் திட்டினார். பிறகு அண்ணியைக் கூப்பிட்டார். நான் மெயின் கைப்பிடியில் கையை வைத்தபடி யோசித்தேன். பிழைத்தால் இவர் உண்மையைச் சொல்லிவிடுவார், பொய் பேசத் தெரியாத மனுஷன். மேடையேறி, நான் லிஃப்ட்டுல வந்தேன் என்று மன்னிப்புக் கேட்பார். ஜனங்களும் மன்னித்துவிடுவார்கள். அப்புறம் எல்லோரும் லிஃப்ட்டில் ஏறுவார்கள்.

தட்டுவது நின்ற பிறகு மெயினை ஏற்றினேன். லிஃப்ட் தானாக இரண்டாவது மாடிக்கு வந்து நின்றது. அவரைத் தூக்கிப்போய், மூன்றாவது மாடிக்குப் போகும் படியில் கிடத்தினேன். தலை மேல்படியில். செருப்பு ஒன்றை இரண்டு படி கீழே போட்டேன்.

படியேறியே உயிரை விட்ட மனிதர் என்று ஏழு தெருவும் அழுதது. கையால் எழுதிய தாள்களைச் சுவரெல்லாம் ஒட்டினார்கள். குவாரி முதலாளி மண்ணைக் கவ்வினார். கண்டக்டர் அண்ணன் உயிரோடு இருந்து இன்னும் பத்துத் தேர்தலுக்கு வீடு வீடாக அலைந்திருந்தாலும் இது நடந்திருக்காது.

துக்கத்தில் தொடாமலே வைத்திருந்த தன் போனைப் பதினைந்து நாள் கழித்து அண்ணி திறந்து பார்த்திருக்கிறார். லிஃப்ட்டில் ஏறும் முன் அண்ணன் பேசி அனுப்பியது அதில் இருந்திருக்கிறது. நெஞ்சு வலி, கீழே இறங்குகிறேன், நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு என்று. அண்ணி என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"கீழ போனவர் தலை எப்படிப்பா மேல்படியில கிடந்துச்சு?"

அது என் பிசகுதான். ஏறுகிற மாதிரி இருந்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

"அண்ணி, அந்த மெசேஜை அழிச்சிடுங்க. அண்ணன் பேரு கெட்டுடும்" என்றேன்.

அவர் அழிக்கவில்லை, ஸ்டேஷனுக்கு உங்களிடம் கொண்டுவந்துவிட்டார். அண்ணன் பெயரைவிட அண்ணன்தான் அவருக்குப் பெரிதாகப் போய்விட்டார். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

மெயினை இறக்கியது நான். உள்ளே யாரென்று தெரிந்தும், சத்தம் அடங்கும்வரை ஏற்றாமல் நின்றதும் நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் யாரிடம் பணம் வாங்கிக்கொண்டு செய்தாய் என்று நாலு தடவை கேட்டுவிட்டீர்கள். அந்தக் கேள்வியை மட்டும் அடித்துவிடுங்கள். எங்கள் கட்டடத்தில் யாரும் எதையும் காசுக்காகச் செய்வதில்லை.