நடுக்கூடத்துக் கொக்கி

மின்விசிறி இல்லாமல் சித்திரை மாதத்தைக் கழிப்பது நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை, சார். முதல் இரண்டு வருடம் எரிச்சலாக இருக்கும். அப்புறம் உடம்பு பழகிவிடும். காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆறு வருடமாக விசிறி ஓடவில்லை. நான்தான் கழற்றிப் பரணில் போட்டேன். காற்று பட்டால் விமானங்கள் ஆடும். ஆடினால் ஒன்றோடொன்று இடிக்கும், கட்டியிருக்கிற நரம்பும் சீக்கிரம் இற்றுப்போகும்.

உங்கள் ஏட்டு 'பொம்மை பிளேன்' என்று எழுதியிருக்கிறார். அதைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள். அவை பொம்மைகள் இல்லை. நிஜப் போர் விமானத்தின் அளவுகளை நாற்பத்தெட்டில் ஒரு பங்காகக் குறைத்துச் செய்த மாதிரிகள். உதிரிப் பாகங்கள் கூரியரில் வரும். வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒட்டி, வண்ணம் அடித்து ஒன்றை முடிக்க மூன்று மாதம் ஆகும். இருபத்திரண்டு விமானங்களை மீன்பிடிக்கிற தங்கூசி நரம்பில் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறேன். இந்த வீட்டுக்கு வந்த ஒருவர்கூட அண்ணாந்து பார்த்து உருப்படியாக ஒரு கேள்வி கேட்டதில்லை. இது பறக்குமா என்பார்கள். பிள்ளை அழுகிறது, ஒன்றை எடுத்துக் கொடுங்கள் என்பார்கள். நாற்பத்து நாலு வயதில் கல்யாணம் கட்டாமல் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறானே என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அவள் ஒட்டடைக்கம்பைச் சுழற்றி இரண்டு விமானங்களின் வாலை ஒடித்திருக்கிறாள். அதற்காக நான் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. கம்பை ஒளித்து வைத்தேன், அவ்வளவுதான்.

நடுக்கூடத்தில் தொங்குவது சுகோய். அது முப்பத்திரண்டில் ஒரு பங்கு, இரண்டேகால் அடி நீளம். பதினாலு மாத வேலை. மற்றவற்றுக்குச் சின்னத் திருகாணி போதும். இதற்கு மட்டும் அப்பா வீடு கட்டும்போது கான்கிரீட்டில் பதித்த பெரிய இரும்புக் கொக்கி. கூடத்தின் நட்டநடுவில், வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடம். அந்த இடத்தில் இருந்தால்தான் மற்ற இருபத்தொன்றும் அதைச் சுற்றி அணிவகுப்பதாகத் தெரியும்.

என் தங்கை நாகஜோதி தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. வந்த நாளிலிருந்து அம்மாவின் கண் அந்தக் கொக்கி மேலேயே இருந்தது.

"ஏலே பாண்டி, அத அவுத்துரு. முப்பதாம் நாளு தொட்டி போடணும். உன்னையும் அவளையும் அந்தக் கொக்கியிலதான் ஆட்டுனேன்."

ஸ்டாண்டு வைத்த இரும்புத் தொட்டில் வாங்கித் தருகிறேன் என்றேன். நாகஜோதி சிரித்தாள். "பிள்ளைக்கு ஒரு கொக்கிய விட்டுக்குடுக்க மாட்டியாண்ணே? மூணு மாசந்தான?"

மூன்று மாதம்தான் என்று நீங்களும் நினைப்பீர்கள். இப்படித்தான் எல்லாம் தொடங்கும். குழந்தைக்குப் புழுங்குகிறது, விசிறியையும் மாட்டிவிடு என்று அம்மா அதற்குள் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். விசிறி வந்தால் இருபத்திரண்டையும் இறக்க வேண்டும். குழந்தை தவழும், நடக்கும், கையை நீட்டும். அடுத்த பிரசவத்துக்கும் இங்கேதான் வருவாள். நான் வேலை பார்ப்பது கம்பம் சாலையில் ஒரு எடைமேடையில். திராட்சை லாரி ஏறி நிற்கும்போதே எந்தப் பக்கம் பாரம் சாய்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். இந்த வீட்டில் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் தெரிந்தது. வாயைத் திறந்தால் மனசாட்சி இல்லாதவன் என்பார்கள். ஒவ்வொரு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சாப்பிட உட்கார்ந்தேன்.

தொட்டில் கட்டுவது தாய்மாமன் கடமை. அது எனக்கு வசதியாகப் போயிற்று. எங்கள் வழக்கத்தில் குழந்தையைப் போடும் முன்னால் அம்மிக்குழவியைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துத் தொட்டிலில் படுக்க வைத்து ஆட்டுவார்கள். குழவி ஏழு கிலோ. நரம்பைச் சோதிக்க நான் வைத்திருக்கும் தொங்குதராசில் நிறுத்தேன். தொட்டில் கட்டையும் சேலையும் கயிறும் ஒன்றரை கிலோ. கொக்கியில் நேராகக் கயிற்றைப் போடாமல் நடுவில் ஒரு சுற்றுத் தங்கூசி கொடுத்து, அதன் மேல் மஞ்சள் துணியைச் சுற்றினேன். அந்தச் சுற்று ஆறரை கிலோவுக்கு மேல் தாங்காது. மூன்று தடவை இழுத்துப் பார்த்த கணக்கு அது. குழவியை வைத்ததும் அறுந்து விழும். முதல் ஆட்டத்திலேயே தொட்டில் அறுந்த கொக்கியில் எந்தத் தாயும் பிள்ளையைப் போடமாட்டாள். அபசகுனம் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒரு கல் விழும், தரையில் ஓர் ஓடு உடையும். அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நான் யோசிக்காமல் செய்கிற ஆள் இல்லை, சார்.

வீரபாண்டித் திருவிழா முடிந்த மறுவாரம் சம்பந்தி வீட்டார் அந்த ஊரிலிருந்து தாம்பாளங்களோடு வந்தார்கள். நாகஜோதியின் கணவர் அஜய்குமார், மாமியார் சோணையம்மாள், இன்னும் ஏழெட்டுப் பேர். கொக்கியிலிருந்து இறக்கிய சுகோயை இரண்டடி தள்ளி ஒரு திருகாணியில் மாட்டியிருந்தேன். அம்மா குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சோணையம்மாள் கையை நீட்டித் தடுத்தார்.

"எங்க வீட்டுல குழவிய உள்ள வைக்கிறதில்ல மதினி. தொட்டிக்குக் கீழ மூணு தரம் குடுத்து வாங்குவோம், அம்புட்டுத்தான்."

பெண்ணைக் கொடுத்த இடமும் எடுத்த இடமும் இருபது மைல்தான் தள்ளி. வழக்கம் இப்படி மாறியிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? "எங்க வழக்கப்படியும் ஒரு தடவ வச்சு எடுத்துருவோமே அத்தே" என்று சொன்னேன்.

"மாமன்காரரு சட்டம் பேசுறாக" என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். குழவி தொட்டிலுக்கு அடியில் மூன்று முறை கை மாறிச் சமையலறைக்குப் போய்விட்டது.

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டை இல்லை. ஆனால் என்ன சொல்வது? துணியை அவிழ்த்துப் பார் என்பதா? மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். குழந்தை நாலு கிலோ இருநூறு, அதோடு ஒன்றரை. ஆறரைக்குள் வருகிறது. நரம்பு தாங்கும். சடங்கு முடிந்து குழந்தையைத் தூக்கியதும் நானே மாற்றிக் கட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

குழந்தையைப் போட்டார்கள். நாகஜோதி தாலாட்டுப் பாடினாள். ஒவ்வொரு பெண்ணும் வந்து மூன்று ஆட்டு ஆட்டினாள். நிற்கிற எடையைவிட ஆடுகிற எடை அதிகமாக இழுக்கும், அது எனக்குத் தெரியும். நாலாவது பெண் ஆட்டும்போது மஞ்சள் துணி ஒரு விரற்கடை கீழே இறங்கியது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன். அதன் பிறகு ஐந்து தடவை தொட்டில் போய் வந்தது. எண்ணினேன். ஐந்து தடவை போய்வர ஆகும் நேரத்தில் ஒருவன் இரண்டு எட்டு வைத்து ஒரு குழந்தையைத் தூக்கிவிடலாம்.

அறுந்த நரம்பு என் சட்டைப் பையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். கயிறு இற்றுப்போய் விபத்து நடந்தது என்று நீங்கள் எழுதியது தவறு.

குழந்தை இரண்டாம் நாள் காலையில் ஆஸ்பத்திரியில் போய்விட்டது. தொட்டில் அறுந்தபோது அஜய்குமார் எனக்கு எதிரே நின்றார். "மச்சான் ரெண்டு கையையும் நீட்டிப் பாஞ்சாரு, நூலிழையில தவறிருச்சு" என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். ஊரே அதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றுகிறது. நாகஜோதி ஆஸ்பத்திரி வராந்தாவில் என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நான்கு நாளாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்துவிட்டது. நடக்காததை நடந்ததாகச் சொன்னால் என்னால் பொறுக்க முடிவதில்லை, அதனால்தான் இங்கே வந்தேன்.

நான் பாய்ந்தது உண்மை. நரம்பு அறுந்ததும் தொட்டில் கட்டை கயிற்றோடு எகிறிச் சுகோய் பக்கம் போனது. எனக்கு ஒன்றும் தவறவில்லை, சார். இரண்டு கையாலும் சரியாகப் பிடித்துவிட்டேன். இறக்கையில் ஒரு கீறல்கூட இல்லை, வேண்டுமானால் வீட்டுக்கு வந்து பாருங்கள்.