திருப்பிப் போட்ட டிரிப்

2025 நவம்பர் 19ஆம் தேதி மாலை, மீஞ்சூர் ரயில் நிலையத்தை ஒட்டிய எங்கள் தெருவிலிருந்து கம்பெனி கார் ஒரே ஒரு விமானப் பணிப்பெண்ணை ஏற்றிக்கொண்டு சென்னை விமான நிலையத்துக்குப் புறப்பட்டது.

எனக்கு அன்று வேலை இல்லை. வேலை இல்லாத நாட்களில் நான் நன்றாகச் சமைப்பேன். அன்று சுரைக்காய்க் கூட்டு.

நீங்கள் விசாரணை அதிகாரி. விமானத்தில் பயணியாக மட்டுமே ஏறியிருப்பீர்கள். பணிப்பெண்களான எங்கள் டிரிப்புகள் எப்படிக் கைமாறுகின்றன என்று தெரிந்தால்தான் நான் செய்தது உங்களுக்கு விளங்கும். யார் எந்த விமானத்தில் பறப்பது என்பதை மாதாமாதம் கம்ப்யூட்டர் பிரித்துக் கொடுக்கிறது. ஒத்துவராத டிரிப்பைக் கம்பெனி ஆப்பில் கீழே போடலாம், அதாவது வேண்டாமென்று பொதுவில் விடலாம். கீழே போட்டதாலேயே தப்பித்துவிட முடியாது. வேறொருத்தி எடுக்க வேண்டும். ஒருத்தி எடுத்ததும் டிரிப் அவள் பெயரில் பூட்டிக்கொள்ளும், மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது. புறப்படும் நாளன்று நண்பகல்வரை அவள் மனம் மாறலாம். மாறினால் டிரிப் போட்டவளிடமே திரும்பிப் போகும். நண்பகலுக்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது. வேலைக்கு வராதவளுக்கு வேலை இல்லை.

முன்பு இதற்கெல்லாம் ஒரு மேனேஜர் இருந்தார். அழுதால் மாற்றிக் கொடுப்பார். கம்ப்யூட்டரிடம் அழுது பயனில்லை என்பது எங்கள் பெண்களுக்குப் புரிய வெகு நாளானது. டிரிப்பைக் கீழே போட அவர்கள் எழுதும் காரணங்களை நீங்கள் படிக்க வேண்டும். நாத்தனாருக்கு வளைகாப்பு. நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி. மனசு சரியில்லை. மனசு சரியாக இருக்கும் நாட்களில் மட்டும் பறப்பதற்கு இவர்களென்ன புறாக்களா? இத்தனை வருடத்தில் நான் ஒரு டிரிப்பைக்கூடக் கீழே போட்டதில்லை.

அன்று காரில் போன பிரின்சி ஆரம்பாக்கத்துப் பெண். எங்கள் நிலமும் ஆரம்பாக்கத்தில்தான் இருந்தது. அவள் அப்பா தானியேல் சிறு வயதில் எங்கள் களத்தில் நெல் தூற்றியவர். இப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இதை நான் ஆபீசில் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு அந்த மாதிரி வேறுபாடெல்லாம் கிடையாது.

கம்பெனி கார் மீஞ்சூர்வரைதான் வரும். அதனால் தானியேல் மகளை பைக்கில் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கிவிடுவார். வந்ததும் ஹாரன் அடிப்பார். ஒரு தடவைதான், சத்தமாகவும் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஆரம்பாக்கத்து வீட்டுக்கு அவருடைய அப்பா வந்தால் கொல்லைப்பக்கமாக வருவார், கூப்பிடும்வரை நிற்பார். ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன்.

அக்டோபரில், ஜனவரியிலிருந்து தலைமைப் பணிப்பெண்களாகப் பதவி உயர்வு பெறுபவர்களை அறிவித்தார்கள். பிரின்சியின் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. மறுநாள் காரில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“அக்கா, நீங்க என் டீமுக்கு வந்துட்டா ஜாலியா இருக்கும்க்கா. உங்களுக்கு பேஜாரான வேலை எதுவும் குடுக்க மாட்டேன். நீங்க சும்மா முன்னால நின்னு சிரிச்சிக்கினு இருந்தா போதும்.”

நல்ல மனதோடுதான் சொன்னாள். அவளிடம் எனக்குப் பிடிக்காதது அதுதான்.

அதன் பிறகு அவள் கீழே போடும் டிரிப்புகளை நான் எடுக்க ஆரம்பித்தேன். எடுத்தவள் யார் என்று ஆப் எங்களுக்குக் காட்டாது, கம்பெனிப் பதிவில் மட்டும் இருக்கும். நண்பகலுக்குச் சற்று முன்பு திருப்பிப் போடுவேன். சர்ச் திருவிழாவுக்கு அவளால் போக முடியவில்லை. தங்கை மோனிகாவின் நிச்சயதார்த்தத்தன்று அவள் புவனேஸ்வரில் இருந்தாள். ஒரு தலைவிக்குப் பொறுப்பு வர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை. அவள் என்னைச் சந்தேகிக்கவே இல்லை. மனிதர்களைப் பார்த்தால் சந்தேகம் வரும், கம்ப்யூட்டரைப் பார்த்தால் விதி என்று நினைத்துக்கொள்வார்கள்.

“இன்னாக்கா இது,” என்றாள் ஒருநாள், சிரித்துக்கொண்டே. “கம்ப்யூட்டருக்குக்கூட ஆளப் பாத்துதான் லீவு குடுக்கத் தெரியுது.”

நானும் சிரித்தேன்.

நவம்பரில் அவளுக்குச் சளி பிடித்தது. சளியோடு பறப்பது எங்களுக்கு விளையாட்டில்லை. விமானம் இறங்கும்போது காற்றழுத்தம் ஏறும். மூக்கும் காதும் அடைத்திருந்தால் செவிப்பறை கிழியும். பிரின்சிக்கு இடது காது முன்பே ஒருமுறை கிழிந்து ஆறியிருந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் உள்காதே போய்விடும், பிறகு பறக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறுவதற்கு எடுத்த விடுப்போடு அவளுடைய மருத்துவ விடுப்பு தீர்ந்துவிட்டது. மறுபடி உடம்பு சரியில்லை என்றால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். டிரிப்பைக் கீழே போடுவது ஒன்றுதான் அவளுக்கு வழி. இதெல்லாம் எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். அவள்தான் சொன்னாள். அந்த டிரிப்புக்கு முதல் நாள் போன் செய்தாள்.

“அக்கா, நாளைக்கு கொல்கத்தாக்கா. காது சுத்தமா அடைச்சிக்கினு கீது. நீங்க எடுத்துக்குறீங்களா? உங்க கால்ல வேணா உழறேன்க்கா.”

“கால்லெல்லாம் எதுக்கு உழற? போடு, எடுத்துக்கறேன்.”

போட்டாள். எடுத்தேன். எடுக்க இன்னும் இரண்டு பெண்கள் தயாராக இருந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். அவர்கள் பார்ப்பதற்குள் அது என் பெயரில் பூட்டிக்கொண்டது. இதயப் படங்கள் வரிசையாக அனுப்பினாள். பிறகு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள்.

மறுநாள் சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது நண்பகல் நெருங்கிவிட்டதைக் கவனித்தேன். கையைத் துடைத்துக்கொண்டு டிரிப்பைத் திருப்பிப் போட்டேன். பதற்றமெல்லாம் இல்லை. சற்று நேரத்தில் போன் வந்தது.

“அக்கா, திரும்பி வந்துகீதுக்கா. இன்னா ஆச்சு?”

“ரெண்டு டிரிப்புக்கு நடுவுல எனக்கு ரெஸ்ட் ஹவர்ஸ் பத்தலன்னு கம்ப்யூட்டர் தள்ளிடிச்சி பிரின்சி. நான் இன்னா பண்ணுவேன்?”

அவள் மூக்கை உறிஞ்சினாள். “பரவால்லக்கா. நீங்க ட்ரை பண்ணீங்க இல்ல,” என்றாள்.

மாலையில் ஹாரன் கேட்டது. நான் வெளியே வந்தேன். பிரின்சி கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி நின்றாள். பொட்டு வைக்காத நெற்றியில் வியர்வை. கார் வரத் தாமதமானதால் தானியேலுக்கு டீ கொடுத்தேன். பேப்பர் கப்பில்தான். இப்போது எல்லோர் வீட்டிலும் பேப்பர் கப் இருக்கிறது.

“குடிங்க தானியேல்.”

“பாப்பா சொல்லிச்சும்மா,” என்றார். “நீங்க எவ்ளோ முயற்சி பண்ணியும் அந்த சிஸ்டம் வுடலியாம். இந்த காலத்துல யாரும்மா இப்டி ஒத்தாசை பண்றாங்க?”

அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கும்பிட்டார். கொஞ்சம் சிந்தியது.

பிரின்சிக்கு மூக்கில் விடும் சொட்டு மருந்து கொடுத்தேன். இறங்கும்போது எச்சில் விழுங்கிக்கொண்டே இருக்கச் சொன்னேன். அது சரியான ஆலோசனைதான். பயிற்சியில் சொல்லித் தருவது. அந்த நேரத்தில்கூட அவள் விபத்தில்லாமல் போய்வர வேண்டும் என்றுதான் நினைத்தேன். நீங்கள் இதை நம்பவில்லை என்பது உங்கள் முகத்தில் தெரிகிறது.

கொல்கத்தாவில் விமானம் இறங்கும்போது அவள் பயணிகளுக்கு எதிரே தன் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். காதிலிருந்து ரத்தம் கழுத்து ஸ்கார்ஃபில் இறங்கியதை முன்வரிசைப் பயணி ஒருவர்தான் முதலில் பார்த்தாராம். அவள் கத்தவில்லை. கதவு திறந்த பிறகு எழுந்தவள் நிற்க முடியாமல் விழுந்தாள்.

அவள் என்மேல் புகார் கொடுக்கவில்லை என்றீர்கள். கொடுக்க மாட்டாள், கம்ப்யூட்டர்தான் செய்தது என்று இன்றைக்கும் நம்புகிறாள். நான் எந்த விதியையும் மீறவில்லை. எடுக்கவும் திருப்பிப் போடவும் கம்பெனிதான் அனுமதி கொடுத்திருக்கிறது. ஆனால் நீங்கள் நேராகக் கேட்டதால் நேராகச் சொல்கிறேன். மற்றவர்கள் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த டிரிப்பை எடுத்தேன். அவள் அந்தக் காதோடு பறக்க வேண்டும் என்பதற்காகத்தான் திருப்பிப் போட்டேன். ஒரு பெண்ணைப் பக்குவப்படுத்த வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பிரின்சிக்கு இடது காது இனிக் கேட்காது என்று மருத்துவக் குழு எழுதியது. பறக்கத் தகுதி இல்லை. இப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்குப் போகிறாள். அவள் பெயரிலிருந்த மீதி டிரிப்புகளைக் கம்ப்யூட்டர் பொதுவில் விட்டது. ஒரு தோழியாக என்னால் முடிந்ததைச் செய்தேன். எல்லாவற்றையும் நானே எடுத்துப் பறந்தேன். ஒன்றையும் திருப்பிப் போடவில்லை.