வால்வு இல்லாத ரேடியேட்டர்

— சத்தம் எங்கேந்து வருதுன்னு கண்டுபிடிச்சிட்டேன் அண்ணி.

— அப்பாடா! கேட்டுக்கோ மானஸ், நாலு மாசமா இந்த அடுப்புக்குள்ள யாரோ சம்மட்டி போடுற மாதிரி இடிக்குது. ஞாயித்துக்கிழமை செத்துப்போன உங்கப்பாவுக்கு முப்பதாம் நாள் பூசை. ஊரே வந்து இந்தச் சமையலறையிலதான் டீ குடிக்கப் போகுது. மானம் போயிடும்னுதான் உனக்குப் போன் பண்ணேன். எங்கே கோளாறு, பாய்லர்லயா?

— பாய்லர் நல்லாத்தான் இருக்கு. அதாவது... அம்மா படுத்திருக்காங்களே, அந்தப் பின்னறை. அங்க அறைக்குச் சூடு குடுக்கிற ரேடியேட்டர் ஐஸ் மாதிரி இருக்கு.

— ஓ, அதுவா. அது மூடியிருக்கு. பொணம் கெடத்தின அறையில யாராவது சூடு வைப்பாங்களா? உங்க வழக்கம்தானே எல்லாம். உசிரு போறதுக்கு ஜன்னலைத் தொறந்து வச்சோம், கடிகாரத்தை நிறுத்தினோம், ரேடியேட்டரை மூடினோம். அப்புறம் தொறக்க மறந்துட்டேன். வேலைக்காரியா வச்சிருக்கீங்க, ஒண்ணொண்ணா ஞாபகம் வச்சுக்க?

— அதை மூட முடியாது அண்ணி.

— ஏன், கை சுளுக்கிக்குமா?

— அதுல வால்வே கிடையாது. எட்டு வருஷம் முன்னாடி மாட்டினவன் நான்தானே. அதாவது, கேஸ் அடுப்புன்னா திருகினா அணையும். இது சதுப்பு நிலத்துல வெட்டிக் காயவச்ச மண்கட்டியைப் போட்டு எரிக்கிற அடுப்பு. கரண்ட் போய், சுடுதண்ணியை அறைக்கு அறை தள்ளற மோட்டார் நின்னாக்கூட உள்ளே கனல் எரிஞ்சிட்டேதான் இருக்கும், பின்னாடி பாய்லர் கொதிச்சிட்டேதான் இருக்கும். அந்தச் சூடு போறதுக்கு ஒரு வழி வேணும், இல்லேன்னா இப்படித்தான் இடிக்கும். அதனால வீட்டுக்கு ஒரே ஒரு ரேடியேட்டர்ல மட்டும் நாங்க வால்வே வைக்க மாட்டோம். யாரு எதை மூடினாலும் அது மட்டும் சுட்டுக்கிட்டே இருக்கும். நான் அதை அப்பா அம்மா அறையில வச்சேன்.

— ரொம்பப் பாசம்.

— இப்ப அதுல பித்தளையில ஒரு வால்வு இருக்கு. இறுக்கி மூடி, கைப்பிடியையும் கழட்டி எடுத்திருக்கு.

— உங்க அண்ணன் மாட்டியிருப்பாரு. சாவன்னிக்கு.

— யூனன் அண்ணனா? அப்பா செத்த அன்னிக்கா? அண்ணன் அன்னிக்குக் குழி வெட்டுற ஆளுங்களோட நின்னாரு. சரி, சாவன்னிக்கே மாட்டினதா வச்சுப்போம். அப்பா போய் நாலு வாரம் ஆகுது. சத்தம் நாலு மாசமா வருதுன்னு நீங்க சொன்னீங்க.

— நாலு மாசம்னா எண்ணியா சொல்றாங்க? ஒரு பேச்சுக்கு...

— வால்வு மேல பச்சைப் பெயின்ட் தெறிச்சிருக்கு. அக்டோபர்ல ஃபாதர் வீட்டுக்கு வந்து பூசை வைக்கப் போறாருன்னு வீடு பூரா அடிச்சீங்களே, அதே பச்சை. சுவத்துலேந்து வால்வு வரைக்கும் ஒரே கோடு. அதாவது, பெயின்டுக்கு முன்னாடியே வால்வு அங்க இருந்திருக்கு.

— டீ ஆறுது. குடி.

— ப்ரோனா! ப்ரோனா! காலு ரெண்டும் மரத்துப் போச்சுடியம்மா!

— இதோ வரேன் அத்தை! சுடுதண்ணிப் பையை ரொப்பிட்டு வரேன்! கம்பளியை நல்லா இழுத்துப் போர்த்திக்கோங்க! ...என்ன அப்படிப் பாக்கறே? உங்கம்மா இடுப்பு ஒடைஞ்சு அஞ்சு மாசம் ஆஸ்பத்திரியிலும் கன்னியாஸ்திரி மடத்திலும் கெடந்துட்டு இப்பத்தான் வந்தவங்க. மரத்துத்தான் போகும்.

— அண்ணி, ஜனவரியில அந்தப் பனி பெஞ்சுதே. குழாயெல்லாம் உறைஞ்சு, நான் ராப்பகலா ஊரு ஊரா ஓடிட்டு இருந்தேனே. அந்த மூணு வாரமும் அப்பா அந்த அறையிலயா இருந்தாரு?

— வேற எங்க இருப்பாரு? அரமனையிலயா?

— சூடில்லாம.

— நாலு கம்பளி இருந்துது.

— ரெண்டு நாள் நான் அந்த அறையிலதான் உக்காந்திருந்தேன், பொணத்துக்குப் பக்கத்துல. முதுகு அந்த ரேடியேட்டர்லதான் சாஞ்சிருந்துது. ஜில்லுன்னு முதுகுத்தண்டு வழியா ஏறிச்சு. சாவு அறைதானே, மூடியிருப்பாங்கன்னு நெனச்சேன். எல்லா வீட்லயும் அப்படித்தானே. மாட்டினவன் நான், அதை மூடவே முடியாதுங்கிறது எனக்கே தோணலை அண்ணி. எனக்கே தோணலை.

— தோணியிருந்தா? பொணத்துக்குச் சூடேத்தி எழுப்பியிருப்பியா?

— நீங்க மனுஷிதானா?

— கேட்டுக்கோ. இருபத்திரெண்டு வருஷமா காலையில ஆறு மணிக்கு இந்த அடுப்புல சாம்பலை வாரறது நான். முதுகு ஒடிய கொட்டகையிலேந்து கட்டி தூக்கிட்டு வரது நான். உங்கப்பா என்ன பண்ணுவாரு தெரியுமா? இதோ, இந்த நாற்காலியிலதான். அடுப்புக் கதவைத் தொறந்து வச்சுட்டுக் காலை நீட்டிப்பாரு. நான் போடற கட்டியை எண்ணுவாரு. 'ஏழாவது, ஏழாவது, உங்கப்பன் சதுப்பா இது?' நான் கொல்லைப்புறம் போனா சுடுதண்ணித் தொட்டியைத் தொட்டுப் பாப்பாரு. சனிக்கிழமைதான் குளிக்கிற நாள், அதுக்கு முன்னாடி அது சுட்டுதுன்னா அன்னிக்கு எனக்கு நாள் நல்லாருக்காது.

— அப்பா கொஞ்சம் கறார்தான். அந்தக் காலத்து ஆளு...

— கறாரா? என் புள்ள ஓரனைப் பெத்துட்டு ஆஸ்பத்திரியிலேந்து வரேன். உடம்பெல்லாம் தையல். வழியெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் நெனச்சுட்டு வந்தேன், வீட்டுக்குப் போனதும் தொட்டி நிறைய சுடுதண்ணி ஊத்தி உக்காரணும்னு. வந்து பாத்தா தண்ணி பூரா காலி. குளிக்கிற தொட்டியில உங்கப்பா நாயைக் குளிப்பாட்டிட்டு இருக்காரு.

— நாயையா?

— ஆடு மேய்க்கிற நாய். மறுநாள் ஏதோ போட்டியாம். உங்கம்மா அந்த வாசப்படியில நின்னு சிரிச்சாங்க. 'நாய்க்கு நாளைக்குப் போட்டி இருக்கு, உனக்கு என்ன இருக்கு?'ன்னாங்க. கைக்குழந்தையோட நின்னுட்டு இருக்கேன் மானஸ். அந்தச் சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

— அதுக்காக ஒரு கிழவரை...

— அதுக்காகத்தான். வேற எதுக்காகன்னு நெனச்சே? சிக்கனத்துக்காகன்னா?

— அவர் கேக்கலையா? குளிருதுன்னு சொல்லலையா?

— கேட்டாரு. குரல் எழும்பாம போனப்புறம் தடியால சுவத்தைத் தட்டுவாரு. வீட்டுக்கு வந்தவங்க என்ன சத்தம்னு கேட்டா, பாய்லர்னு சொன்னேன். ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

— ஐயோ கடவுளே. யூனன் அண்ணனுக்குத் தெரியுமா?

— வால்வு மாட்டினது யாருன்னு நெனச்சே? எனக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியுமா? ஒரு தரம்தான் சொன்னேன், எனக்கு இனிமே கட்டி தூக்க முடியாதுன்னு. எந்த அறைக்குச் சூட்டைக் குறைக்கலாம்னு கேட்டாரு. நான் அந்த அறையைக் காட்டினேன். வாயைத் தொறக்காம மாட்டிட்டு ஆட்டைப் பாக்கப் போயிட்டாரு. அவரு உங்கப்பா கையால வாங்கின அடியை நீ வாங்கினதில்லை, நீ கடைக்குட்டி.

— டாக்டர் நெஞ்சுச்சளின்னு எழுதினாரு.

— எண்பத்தாறு வயசு. வேற என்ன எழுதுவாரு?

— நான் சொல்லப் போறேன். ஃபாதர்கிட்ட சொல்வேன், போலீஸ்ல சொல்வேன். ஞாயித்துக்கிழமை கிளாஸ்கோலேந்து உனா அக்கா வருவா, அவகிட்ட முதல்ல சொல்வேன். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து அப்பாவைக் கொன்னிருக்கீங்க. இப்ப அதே கட்டில்ல அம்மாவைக் கொண்டு வந்து படுக்க வச்சிருக்கீங்க!

— மெதுவா பேசு. சுவர் மெல்லிசு.

— கேக்கட்டும்!

— சரி, சொல்லு. உனாகிட்ட சொல்லு. அவ உடனே என்ன கேப்பா தெரியுமா? 'நீ பன்னெண்டு மைல்லதானேடா இருக்கே, எத்தனை தரம் போய்ப் பாத்தே?'ன்னு கேப்பா. கிறிஸ்துமஸன்னிக்கு வந்தே. பத்து நிமிஷம். கோட்டைக்கூட கழட்டாம கட்டில் பக்கத்துல நின்னு பேசினே. பேசறப்போ வாயிலேந்து புகையா வந்துது. நான் கதவுகிட்ட நின்னு பாத்துட்டுதான் இருந்தேன்.

— நான்... அவசரமா கிளம்பணும்னு இருந்தேன். குழந்தைங்க வண்டியில இருந்தாங்க.

— அந்தக் குளிர் உனக்கு உறைக்கலையா? குழாய்க்காரனுக்கு? உறைச்சிருக்கும். கேட்டா தலையில விழுமேன்னு கேக்காம போயிட்டே.

— அப்படியெல்லாம் இல்லை அண்ணி.

— அப்ப ஒண்ணு பண்ணு. உங்கம்மா ஆஸ்பத்திரிப் பையை நான் இன்னும் பிரிக்கக்கூட இல்லை. வண்டி வாசல்ல நிக்குது. கூட்டிட்டுப் போ. உன் வீட்ல தரையே சுடுமாமே, பனிக்காலத்துல வெறுங்காலோட நடக்கலாம்னு உன் பொண்டாட்டி ரோஷின் அளந்து விட்டாளே. சாம்பல் இல்லை, கட்டி இல்லை, பொத்தானை அமுக்கினா போதுமாம். தூக்கி உக்கார வைக்க நான் ஒரு கை பிடிக்கறேன். வா.

— இப்பவேவா?

— பின்னே? கொலைகாரி வீட்ல ஒரு ராத்திரி விடுவியா உங்கம்மாவை?

— அதாவது... எங்க வீட்ல படுக்கை அறையெல்லாம் மாடியில. கீழே ஒரு அறைதான். அதுல ரோஷினோட உடற்பயிற்சி மெஷின் இருக்கு. அதை நகர்த்தணும்னா ஆள் வேணும். முதல்ல அவகிட்ட ஒரு வார்த்தை பேசணும்.

— போன் இருக்கு. பேசு.

— இப்ப அவ வேலையில இருப்பா.

— காத்திருக்கேன்.

— ஈஸ்டருக்கு அப்புறம் பாக்கலாம் அண்ணி. பசங்க பரிட்சை முடியட்டும்.

— ஈஸ்டர்! பாத்தியா, வந்துடுச்சு. ஃபாதர், போலீஸ், உனா எல்லாரும் எங்க போனாங்க?

— கிண்டல் பண்ணாதீங்க. நான் இப்பவே போய் அந்த வால்வை அறுத்துத் தூக்கி எறியறேன். அம்மாவுக்குச் சூடு வரணும், அவ்வளவுதான்.

— அறு. நாளைக்குக் காலையில அடுப்பை மூட்டறது யாரு? கேட்டுக்கோ, நீ அறுத்தேன்னா நான் இந்த அடுப்புல இனிமே ஒரு கட்டி போட மாட்டேன். எங்களுக்குக் கரண்டு கம்பளி இருக்கு, தண்ணிக்குக் கெட்டில் இருக்கு. நீ தினம் ஆறு மணிக்கு வந்து சாம்பல் வாரி, மூட்டி, உங்கம்மாவுக்குச் சூடு காட்டிட்டுப் போ. பன்னெண்டு மைல்தானே. வருவியா?

— உங்களுக்குப் புரியலை. அதை மூடி வச்சுட்டு எரிக்கிறது ஆபத்து. இப்ப வெறும் இடிதான். ஒரு நாள் காத்துல கரண்ட் போச்சுன்னா, கொதிக்கிற தண்ணிக்குப் போக்கிடம் இல்லாம பாய்லர் வெடிக்கும். இந்தச் சுவரே இருக்காது. அடுப்பு முன்னாடி நிக்கறது நீங்க.

— அதான் உன்னைக் கூப்பிட்டேன். எனக்குச் சத்தம் நிக்கணும், வெடிக்கக் கூடாது. அந்த அறையைப் பத்தி நான் உன்கிட்ட ஒண்ணும் கேக்கலை. நீதான் போய் மோப்பம் பிடிச்சே.

— ப்ரோனா! பை கொண்டு வரேன்னியே!

— ஆச்சு அத்தை, தண்ணி கொதிக்குது! ...வேற வழி இருக்கா, இல்லையா? உன் தொழில்தானே இது.

— இருக்கு.

— சொல்லேன்.

— குளியலறையில துண்டு காயப்போடற கம்பி இருக்குல்ல. அதுக்குள்ளயும் இதே சுடுதண்ணிதான் ஓடுது. அதுல இருக்கிற வால்வை எடுத்துட்டா, அது எப்பவும் தொறந்தே இருக்கும். பாய்லர் சூடு அது வழியா போயிடும்.

— அப்ப பின்னறை?

— அது... மத்த அறை மாதிரி ஆயிடும்.

— அதாவது?

— மூடி வச்சாலும் ஆபத்தில்லை.

— சத்தமும் வராது.

— வராது. அந்தக் கம்பி கொஞ்சம் சின்னது. அடுத்த மாசம் பெரிசா ஒண்ணு கொண்டு வந்து மாட்டித் தரேன்.

— துண்டும் கதகதன்னு காயும். எவ்வளவு நேரம் ஆகும்?

— ஒரு மணி நேரம். அண்ணி... ஞாயித்துக்கிழமை உனா அக்கா வரப்போ மட்டும் அதைத் தொறந்து வையுங்க.

— அது எனக்குத் தெரியாதா? பூசையன்னிக்கு அந்த அறை அடுப்பு மாதிரி இருக்கும்.

— அப்பப்போ ஒரு தடவை திருகி விடுங்க. ஒரேயடியா மூடியே கெடந்தா வால்வு இறுகிப் போயிடும், அப்புறம் தொறக்க வராது.

— சரி. டீயைக் குடிச்சுட்டு ஆரம்பி. கேக் வெட்டட்டுமா?

— வேண்டாம்.

— மானஸ்! நீயாடா பேசறே? மானஸ்!

— ஆமாம்மா, நான்தான்!

— வந்துட்டியாடா என் ராசா. இந்த வீட்ல நீ ஒருத்தன்தான்டா என்னை நெனச்சுப் பாக்கறவன். சுவத்துல ஏதோ டொக்கு டொக்குனு இடிக்குதுடா. உங்கப்பா தடியால தட்டற மாதிரியே இருக்கு. பயமா இருக்குடா. அதைச் சரி பண்ணத்தானே வந்திருக்கே?

— அதுக்குத்தாம்மா வந்தேன். கண்ணை மூடிப் படுத்துக்கோ. இனிமே எதுவும் யாருக்கும் கேக்காது.